அறுபதுக்கு அறுபது: எல்லாரும் ஒரே கட்சிக்கா ஓட்டுப் போட்டார்கள்?

கேள்வி: என் மகள் குடும்பம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. 2018 மே மாதம் நான் அங்கே போயிருந்தபோது நியூஹாம் பரோ கவுன்சில் தேர்தல் நடந்தது. மகள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, “அப்பா, கவுன்சிலருக்கு ஒரே சீட்டில் மூன்று பேருக்குப் போடச் சொன்னார்கள்” என்றாள். முடிவு வந்தபோது மொத்தம் 60 இடம், அறுபதும் லேபர் கட்சிக்கே. எதிர்க்கட்சிக்குப் பெயருக்குக்கூட ஒருவர் இல்லை. அத்தனை பேரும் ஒரே கட்சிக்கா போட்டார்கள்? இல்லை, நாம் பேப்பரில் படிக்கிற மாதிரி ஏதாவது கோல்மால் நடந்திருக்குமா? மூன்று ஓட்டு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? விளக்க வேண்டுகிறேன்.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. மூன்று ஓட்டுக்கும் அறுபது இடத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. லண்டனில் பல வருஷம் குடியிருக்கிறவர்களே இதைச் சட்டென்று பிடிப்பதில்லை. மகள் சொன்னதை நீங்கள் மனசில் வைத்திருந்து கேட்டிருக்கிறீர்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டு சந்தேகங்களை நகர்த்திவிடலாம். எல்லாரும் ஒரே கட்சிக்குப் போட்டார்களா? இல்லை. கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி என்று மற்ற கட்சிகளுக்கும் அந்தத் தேர்தலில் ஆயிரக்கணக்கில் ஓட்டு விழுந்தது. அவை எண்ணப்பட்டன, அறிவிக்கப்பட்டன, கவுன்சிலின் முடிவுப் பட்டியலில் அச்சாகியும் இருக்கின்றன. இடமாக மட்டும் மாறவில்லை.

கோல்மாலா? அதுவும் இல்லை. உங்களுக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. லீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டவர் ஹாம்லெட்ஸ் பரோவில் 2014இல் நடந்த மேயர் தேர்தலை, 2015 ஏப்ரலில் தேர்தல் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரிய செய்தியாக வந்த வழக்கு அது. ஆனால் அதே 2014இல் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலில் எந்தக் கட்சியும் எல்லா இடத்தையும் வாரிக்கொள்ளவில்லை. மூன்று கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டன. நியூஹாமிலோ 2010, 2014, 2018 மூன்று தேர்தலிலும் அறுபதுக்கு அறுபது லேபர். தெற்கே லூயிஷம் பரோவில் 2018இல் 54க்கு 54. கிழக்கே பார்க்கிங் அண்ட் டேகனம் பரோவில் 2010 முதல் 2022 வரை நான்கு தேர்தலிலும் 51க்கு 51. இத்தனை ஊரில் இத்தனை தடவை ஒரே மாதிரி முடிவு வருகிறதென்றால், தேர்தல் முறையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக இன்னொரு எண்ணம் பலருக்கு உண்டு. பரோ முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து ஓட்டு எண்ணி, ஜெயித்த கட்சிக்கு மொத்தத்தையும் கொடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அதுவும் சரியல்ல. வார்டு வார்டாகத்தான் எண்ணுகிறார்கள். வார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி அமைப்பைப் பார்ப்போம். லண்டன் மாநகரம் 32 பரோக்களாகப் பிரிந்திருக்கிறது. பரோ என்பது தனிக் கவுன்சிலும் தனி வரியும் உள்ள உள்ளாட்சிப் பகுதி. குப்பை அள்ளுவது, நூலகம், வாடகை வீடுகள், வண்டி நிறுத்த அனுமதி, முதியோர் பராமரிப்பு எல்லாம் அதன் கையில். 1963இல் இயற்றிய சட்டப்படி இந்தப் பரோக்கள் 1965 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. அதுவரை தனித்தனியாக இருந்த ஈஸ்ட் ஹாமையும் வெஸ்ட் ஹாமையும் சேர்த்துத்தான் நியூஹாம் உருவானது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கவுன்சில் முழுவதற்கும் ஒரே நாளில் தேர்தல்.

நீங்கள் அங்கிருந்த 2018இல் நியூஹாமில் 20 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள், ஆக 60. கும்பகோணத்தில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று பழகிய நமக்கு இது புதுசாகத் தெரியும். இதற்குப் பல உறுப்பினர் வார்டு என்று பெயர், அதாவது ஒரே வார்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள். வாக்காளர் கையில் கொடுக்கிற சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். பக்கத்தில் கட்சிப் பெயரும் சின்னமும். மறைவிடத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும். அதை எடுத்து மூன்று பேர் வரை பெருக்கல் குறி போடலாம். ஒருவருக்கே மூன்றையும் போட முடியாது. ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டாலும் சீட்டு செல்லும். நான்கு போட்டால் செல்லாது. கடைசியில், அதிக ஓட்டு வாங்கிய முதல் மூன்று பேர் கவுன்சிலர்கள். இவ்வளவுதான் விதி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்று இடம், மூன்று ஓட்டு, முதல் மூன்று பேர். இதில் ஒளிந்திருக்கிற விளைவைக் காட்ட ஒரு கணக்குப் போடுகிறேன். எண்களை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வார்டில் 3,000 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். அவர்களில் 1,350 பேர் முதல் கட்சிக்காரர்கள், 950 பேர் இரண்டாம் கட்சி, 700 பேர் மூன்றாம் கட்சி. ஒவ்வொரு கட்சியும் மூன்று மூன்று பேரை நிறுத்தியிருக்கிறது. முதல் கட்சியின் ஆதரவாளர் தன் மூன்று குறியையும் தன் கட்சியின் மூன்று பேருக்கும் போடுவார். மற்றவர்களும் அப்படியே. இப்போது எண்ணுங்கள். முதல் கட்சியின் மூவருக்கும் தலா 1,350. இரண்டாம் கட்சியின் மூவருக்கும் தலா 950. மூன்றாம் கட்சியின் மூவருக்கும் தலா 700. முதல் மூன்று இடம் யாருக்கு? மூன்றும் முதல் கட்சிக்கே. நூற்றுக்கு 45 பேர் ஆதரித்த கட்சி மூன்றுக்கு மூன்றை எடுத்துக்கொண்டது. மீதி 55 பேருக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவிக்குக் கை தூக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்குப் பக்கத்து வீடுகள் 55, தெற்குப் பக்கத்து வீடுகள் 45. வடக்குப் பக்கத்து ஆள் ஒவ்வொருவருக்கும் அந்த 55 வீடும் கை தூக்கினால், மூன்று பதவியும் வடக்குக்கே போகும். ஒரே பெரும்பான்மை மூன்று தடவை எண்ணப்படுகிறது. “மூன்று இடம் இருக்கிறதே, ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும்” என்று நாம் இயல்பாக எதிர்பார்க்கிறோம். மூன்று குறியும் ஒரே கையால், ஒரே மனசோடு விழுவதால் அப்படிப் பிரிவதில்லை. தேர்தல் ஆய்வாளர்கள் இதைப் ‘பிளாக் ஓட்டு’ என்கிறார்கள், மொத்தமாக ஒரு பக்கம் சாய்கிற ஓட்டு என்று பொருள்.

இது ஒரு வார்டின் கதை. இருபது வார்டிலும் இப்படியே நடக்க இன்னொன்றும் வேண்டும்: ஆதரவு பரோ முழுக்க ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்க வேண்டும். நியூஹாம் அப்படிப்பட்ட இடம். 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 3,51,000 பேர் நெருக்கியடித்து வாழ்கிற கிழக்கு லண்டன் பகுதி. ஒரு காலத்தில் கப்பல்துறைத் தொழிலாளர்களும் ரயில் பட்டறைத் தொழிலாளர்களும் நிறைந்திருந்த ஊர். பிறகு வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் மளிகைக் கடைகளையும் கோவிலையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். பணக்காரர் மட்டும் வாழ்கிற பெரிய மூலை என்று ஒன்று அங்கே கிடையாது. அதனால் 2018இல் லேபர் கட்சிக்கு எல்லா வார்டிலும் முதலிடம். எதிர்ப்போ நான்கைந்து கட்சிகளுக்குள் சிதறிக்கிடந்தது. இரண்டும் சேர்ந்தால் அறுபதும் ஒரு பக்கம் போய்விடும்.

எதிர்ப்பு ஒரே இடத்தில் குவிந்தால் முடிவு மாறுகிறதா என்று பார்த்தால் இந்த விளக்கம் சரியா என்று தெரிந்துவிடும். நியூஹாமிலேயே அப்படி நடந்திருக்கிறது. 2006 தேர்தலில் லேபருக்கு 54. மீதி ஆறு இடத்தில் மூன்று ரெஸ்பெக்ட் கட்சிக்கு, மூன்று கிறிஸ்டியன் பீப்பிள்ஸ் அலையன்ஸ் என்ற சிறு கட்சிக்கு. ரெஸ்பெக்ட் என்பது ஈராக் போரை எதிர்த்துக் கிளம்பிய கட்சி. ரெஸ்பெக்டின் மூன்றும் கிரீன் ஸ்ட்ரீட் வெஸ்ட் என்ற ஒரே வார்டில்; கிறிஸ்டியன் கட்சியின் மூன்றும் கேனிங் டவுன் சவுத் என்ற ஒரே வார்டில். மூன்று மூன்றாகத்தான் வந்தன பாருங்கள். பெரிய கட்சிக்கு நடப்பதே சிறிய கட்சிக்கும் நடக்கிறது, ஒரு வார்டில் முதலிடம் கிடைத்துவிட்டால்.

2022இல் வார்டு எல்லைகளை மாற்றினார்கள். 20 வார்டு 24 ஆனது, 60 இடம் 66 ஆனது. 2012 ஒலிம்பிக்கின்போது விளையாட்டு வீரர்கள் தங்கக் கட்டிய அடுக்குமாடிகளைச் சேர்ந்த பகுதி, ஸ்ட்ராட்ஃபர்ட் ஒலிம்பிக் பார்க் என்று இரண்டு உறுப்பினர் வார்டாக ஆனது. புதிதாகக் குடிவந்த இளம் வாடகைதாரர்கள் நிறைந்த இடம். அந்த இரண்டு இடமும் பசுமைக் கட்சிக்குப் போயின. மீதி 64ம் லேபருக்கு. பசுமைக் கட்சியின் ஆதரவு 24 வார்டிலும் சமமாகப் பரவியிருந்தால் அவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

இதெல்லாம் லேபர் கட்சியின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1968இல் பிரதமர் ஹரால்ட் வில்சனின் லேபர் அரசு மேல் மக்களுக்குக் கடுங்கோபம். அந்த ஆண்டுப் பரோ தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி லண்டன் பரோக்களில் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடித்தது. லேபரின் கோட்டை என்று சொல்லப்பட்ட லாம்பெத் பரோவும் அதில் அடக்கம். அப்போது பிரிக்ஸ்டன் பக்கத்து வார்டு ஒன்றில் கவுன்சிலராக ஜெயித்த இருபத்தைந்து வயது இளைஞர்தான் பின்னாளில் பிரதமரான ஜான் மேஜர். அடுத்த தேர்தலிலேயே, 1971இல், காற்று திரும்பியது, அவரும் தோற்றார். மேற்கே ரிச்மண்ட் பரோவில் 2022இல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 54இல் 48. யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்கு அள்ளிக் கொடுக்கிற முறை இது.

பார்க்கிங் அண்ட் டேகனம் கதையையும் சொல்லியாக வேண்டும். குடியேறிகளுக்கு எதிரான தீவிர வலதுசாரிக் கட்சி பிஎன்பி, 2006இல் அங்கே 12 இடம் பிடித்துப் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. அவர்கள் 51 இடத்துக்கும் ஆள் நிறுத்தவில்லை; நிறுத்தியது வெறும் 13 பேர். நான்கு வருஷம் கழித்து, 2010இல், நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் வந்ததால் ஓட்டுப் போட வந்த கூட்டம் பெருகியது. பன்னிரண்டு இடமும் போயிற்று. லேபருக்கு 51க்கு 51. அந்தக் கட்சியை அவ்வளவு பெரிய நிலையில் உட்கார வைத்ததும், அடியோடு துடைத்ததும் இதே முறைதான். நம்மவர்கள் பலர் இரண்டாவது நடந்ததில் நிம்மதி அடைந்தார்கள்; நானும்தான். அதற்காக முதலாவது எப்படி நடந்தது என்பதை மறந்துவிட்டு இந்த முறையைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

எண்ணுகிற மேசைக்கு வருகிறேன், ஏனென்றால் பிளாக் ஓட்டு கண்ணுக்குத் தெரிவது அங்கேதான். இயந்திரம் கிடையாது, எல்லாம் கையால். பெட்டியைத் திறந்ததும் முதலில் சீட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பார்கள், சாவடியில் கொடுத்த கணக்கும் பெட்டியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று. பிறகு தரம் பிரிப்பது. மூன்று குறியும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகள் ஒரு பக்கம், கட்சி மாற்றிக் கலந்து போட்ட சீட்டுகள் இன்னொரு பக்கம். முதல் வகையைக் கட்டுக் கட்டாக எண்ணிவிடலாம். ஒரு கட்டு எண்ணினால் மூன்று வேட்பாளருக்கும் ஒரே தடவையில் கணக்கு ஏறிவிடும். கலப்புச் சீட்டில்தான் வேலை. பெயர்கள் அச்சிட்ட பெரிய தாளில், ஒவ்வொரு சீட்டாகப் பார்த்து ஒருவர் படிக்க இன்னொருவர் கோடு போட்டு ஏற்றுவார். எதிரே வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கண் கொட்டாமல் நிற்பார்கள். ஒற்றைக் கட்சிக் கட்டுகள் எவ்வளவு உயரம் என்று பார்த்தே அனுபவஸ்தர்கள் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியென்றால் கலந்து போடுகிறவர்களால் எதுவும் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும். ஒரு கட்சியின் மூன்று பேருக்கும் சரிசமமாக ஓட்டு விழுவதில்லை. சீட்டில் பெயர்கள் அகரவரிசையில் இருப்பதால், மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் கூடும், கீழே இருப்பவருக்குக் கொஞ்சம் குறையும். காலின் ராலிங்ஸ், மைக்கேல் த்ராஷர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல தேர்தல்களின் முடிவுகளை அலசி இதை எழுதியிருக்கிறார்கள். வேட்பாளரின் பெயரைப் பார்த்தே வெளிநாட்டு வம்சாவளி என்று ஒதுக்குகிற பழக்கமும் சில வாக்காளர்களிடம் உண்டு என்றும் காட்டியிருக்கிறார்கள். போட்டி நெருக்கமாக இருக்கிற வார்டில் இந்தச் சிறு வித்தியாசம்தான், ஒரு கட்சியின் இரண்டு பேரை உள்ளே விட்டு மூன்றாமவரை வெளியே நிறுத்தும். கொள்கையும் உழைப்பும் தீர்மானிக்க வேண்டியதை எழுத்து வரிசை தீர்மானிப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறு கட்சிகள் வேறு ஒரு வழி வைத்திருக்கின்றன. வார்டுக்கு ஒரே ஒருவரை நிறுத்தி, “எங்கள் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்பார்கள். காரணம் உண்டு. உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒன்று போட்டுவிட்டு, மீதி இரண்டைச் சும்மா விடுவானேன் என்று அடுத்த கட்சிக்குப் போட்டால், அந்த இரண்டு ஓட்டே உங்கள் ஆளைத் தோற்கடிக்கலாம். மூன்று குறிக்கும் ஒரே மதிப்பு. எது உங்கள் முதல் விருப்பம் என்பது சீட்டில் பதிவாவதில்லை.

இங்கே கணக்குக் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். முடிவுப் பட்டியலில் எல்லா வேட்பாளரின் ஓட்டையும் கூட்டினால், ஓட்டுப் போட்டவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வரும். கள்ள ஓட்டு என்ற புரளி பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது. நம் கணக்கு வார்டில் 3,000 பேர், ஆனால் 9,000 குறி. கட்சி வாங்கிய சதவீதத்தையும் ஆளுக்கொரு விதமாகப் போடுவார்கள். மூன்று வேட்பாளரின் ஓட்டையும் கூட்டிப் போடுவது ஒரு வழி, சராசரி எடுப்பது ஒரு வழி, கட்சியில் அதிகம் வாங்கியவரை மட்டும் எடுப்பது ஒரு வழி. அதனால் ஒரே தேர்தலுக்கு இரண்டு பத்திரிகையில் இரண்டு சதவீதம் வந்தால் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

இப்படி ஒரு முறை நமக்கு அந்நியமா? இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் இரண்டு பொதுத்தேர்தலிலும், 1951–52, 1957இல், இந்தியாவில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒன்று பொது, ஒன்று தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினருக்கு ஒதுக்கியது. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. சென்னை மாகாணத்திலும் அப்படித் தொகுதிகள் இருந்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் தோற்றது அப்படிப்பட்ட தொகுதியில்தான். பழங்குடி வேட்பாளர்கள் இருவர் அவரைவிடக் கூடுதல் ஓட்டு வாங்கினார்கள். ஒருவர் ஒதுக்கீட்டு இடத்துக்கும், மற்றவர் பொது இடத்துக்கும் வென்றதாக அறிவித்தார்கள். கிரி வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. 1961இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை எடுத்துவிட்டோம்.

ஆனாலும் வார்டுக்கு ஒருவர் என்று வைத்தால் மட்டும் இந்த வாரிக்கொள்ளுதல் நின்றுவிடாது. 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியின் 200 வார்டில் திமுக தனியாகவே 153ஐ வென்றது. கூட்டணிக் கட்சிகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். அங்கே வார்டுக்கு ஒரே கவுன்சிலர்தான். அதிக ஓட்டு வாங்கியவருக்கு இடத்தைக் கொடு என்ற அடிப்படை விதி இரண்டிலும் ஒன்று. ஆனால் சென்னையில் 200 தனித்தனிப் போட்டி நடக்கிறது. எங்கோ ஒரு தெருவில் ஒரு சுயேச்சை நுழைந்துவிட முடிகிறது, ஐந்து பேர் நுழையவும் செய்தார்கள். நியூஹாமில் 60 இடத்துக்கும் நடந்தது 20 போட்டிதான்.

இலங்கையில் 2018இல் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கலப்பு முறை கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 60 சதவீத இடம் வட்டாரத்தில் வெல்பவருக்கு, மீதி கட்சிகளின் மொத்த ஓட்டு விகிதத்தைச் சரிக்கட்ட. யாழ்ப்பாண மாநகர சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை வரவில்லை. நிர்வாகம் நடத்தக் கூட்டுத் தேடி அலைய வேண்டியதாயிற்று என்று அங்கே பலர் அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பும் நியாயமானதே. எல்லா இடமும் ஒருவருக்கே என்பதும் கஷ்டம், யாருக்கும் போதவில்லை என்பதும் கஷ்டம்.

பிரிட்டனுக்குள்ளேயே இதற்கு மாற்று இருக்கிறது. கிளாஸ்கோ மாநகரில் 2003இல் லேபர் வாங்கிய ஓட்டு பாதியைத் தொடவில்லை. இடமோ 79இல் 71. ஸ்காட்லாந்து 2004இல் சட்டத்தை மாற்றி, 2007 தேர்தலிலிருந்து மாற்று ஓட்டு முறைக்குப் போனது. அதாவது வார்டுக்கு மூன்று நான்கு கவுன்சிலர். ஆனால் வாக்காளர் பெருக்கல் குறி போடாமல் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார். தேவைக்கு மேல் ஓட்டு வாங்கியவரின் உபரியும், கடைசியில் நிற்பவரின் ஓட்டும் அடுத்த விருப்பத்துக்கு மாறிப் போகும். அதே கிளாஸ்கோவில் அதே 79 இடத்தில் 2007இல் லேபருக்கு 45. அப்போதும் அவர்கள்தான் முதல் கட்சி, ஆட்சியும் அவர்களுடையதுதான். ஆனால் எதிரே 34 பேர் உட்கார்ந்தார்கள். வட அயர்லாந்தில் 1973 முதலே உள்ளாட்சிக்கு இந்த முறைதான். நான் மேலே போட்ட கணக்கு வார்டை இந்த முறையில் எண்ணினால், ஒருவர் ஜெயிக்க 751 ஓட்டுப் போதும். முதல் கட்சிக்கு ஒன்று, இரண்டாம் கட்சிக்கு ஒன்று உறுதி. மூன்றாவது இடத்துக்கு 700 பேரை வைத்திருக்கிற மூன்றாம் கட்சிதான் முன்னால் நிற்கும்.

இங்கிலாந்தும் இதற்கு மாற வேண்டும் என்பது என் கருத்து. அறுபது பேரும் ஒரே கட்சி என்றால், கவுன்சிலில் வரவு செலவுத் திட்டத்தை யார் கேள்வி கேட்பது? 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆய்வுக் குழு, அதாவது நிர்வாகத்தின் முடிவுகளைத் தோண்டிப் பார்க்கிற கவுன்சிலர் குழு, கட்டாயம் இருக்க வேண்டும். நியூஹாமில் அந்தக் குழுவிலும் அதே கட்சிக்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் துணிச்சலாகக் கேட்டவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுப்பது கட்சி என்னும்போது, எவ்வளவு தூரம் கேட்க முடியும்? உண்மையான போட்டி மக்கள் முன்னால் நடக்காமல், கட்சிக் கிளையின் வேட்பாளர் தேர்வுக் கூட்டத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வார்டில் ஒரு கைப்பிடி. வீட்டு வாடகை பற்றியோ வண்டி நிறுத்தக் கட்டணம் பற்றியோ மாற்றுக் கருத்துள்ள ஆயிரக்கணக்கான பேர், தங்கள் சார்பில் எழுந்து நிற்க ஒருவர்கூட இல்லாமல் நான்கு வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு என்று குறைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றை, உங்கள் மகளைப் போல் அங்கே போயிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பிரிட்டனில் முறையான அனுமதியோடு குடியிருந்தால், அங்கே ஓட்டுப் போட உரிமை உண்டு. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு படிக்கவும் வேலைக்கும் போயிருக்கிற நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும், அவ்வளவே. 2023 மே முதல் சாவடியில் புகைப்பட அடையாள அட்டை காட்டச் சொல்கிறார்கள். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் அதற்குச் செல்லும். உங்களைப் போல் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை. குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

இன்னொரு தடவை அங்கே போகும்போது, மகளிடம் சொல்லி அவர்கள் வார்டின் முடிவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஜெயித்த கட்சி எது என்பதைத் தள்ளிவிட்டு, மூன்றாவதாக வந்தவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் எத்தனை ஓட்டு வித்தியாசம் என்று பாருங்கள். வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டினால், அந்த வார்டு அடுத்த தேர்தலிலும் எளிதில் அசையாது. நூறு இருநூறுதான் என்றால், அந்தத் தெருக்களில் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க எல்லாக் கட்சியும் வரும்.